ரெடிங்கிலிருந்து ஒரு நாளில் போய்வர: எழுத்தாளர் ஊர்கள், பழைய தேவாலயங்கள்

பொன்னி_ரெடிங்

வணக்கம். அடுத்த மாதம் அப்பா ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு, ரெடிங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஆறு வாரம் எங்களோடு இருப்பார். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கில இலக்கியம் நடத்தியவர். ஆஸ்டின், டிக்கன்ஸ், கிரேயின் 'எலிஜி' என்ற இரங்கற்பா எல்லாம் மனப்பாடம். ஆனால் அவற்றில் வரும் ஒரு ஊரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அம்மா இருந்தவரை பயணம் என்றாலே வேண்டாம் என்பார். இப்போதுதான் சம்மதித்திருக்கிறார்.

லண்டனை இரண்டு நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மற்றபடி ஒரு நாளைக்கு ஒரே ஊர், காலையில் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ரயில், பேருந்துதான். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஒரே மூச்சில் இரண்டு மைலுக்கு மேல் நடக்க முடியாது. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூட்டம் அலைமோதும் இடத்தைவிட, அவர் நடத்திய பாடம் அவர் கண்முன் வந்து நிற்கிற இடமாக இருந்தால் நல்லது.

மருதநிலம்

முதலில் வின்செஸ்டர். யோசிக்கவே வேண்டாம். ரெடிங்கிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாக இறக்கத்தில் மெதுவாக நடந்தால் பேராலயம் வந்துவிடும்.

ஜேன் ஆஸ்டின் அங்கேதான் இருக்கிறார். உடம்பு முடியாமல் வைத்தியத்துக்காக அந்த ஊருக்கு வந்து, காலேஜ் தெரு 8ஆம் எண் வீட்டில் 1817 ஜூலை 18 அன்று இறந்தார். வயது 41. பேராலயத்தின் உள்ளே வடக்குப் பக்க நடையில் தரையோடு தரையாக ஒரு கறுப்புக் கல். அதை நின்று முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். இதயத்தின் ஈரம், சுபாவத்தின் இனிமை, மனத்தின் அபாரமான ஆற்றல் என்று வரிவரியாக வரும். அவர் ஒரு நாவல் எழுதினார் என்று ஒரு எழுத்துகூட இருக்காது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த நாவல்கள் எதிலும் அவர் பெயர் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் நெஞ்சு கனக்கும். எழுத்தாளர் என்று சொல்லும் பித்தளைத் தகடு சுவரில் ஏறியது 1872இல், ஐம்பத்தைந்து வருடம் கழித்து.

இன்னொன்று. சவ ஊர்வலம் புறப்பட்டபோது அக்கா கசாண்ட்ரா கூடப் போகவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. நம் ஊர்ப் பழக்கம் போலத்தான். தெருமுனை திரும்பும் வரை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வீட்டின் முன் நின்று தெருவைப் பாருங்கள். சின்னத் தெரு, சட்டென்று முடிந்துவிடும்.

அதே பேராலயத்தில் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளும் இருக்கிறார், அவரைத் தவறவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் சதுப்பு மண்ணில் புதையத் தொடங்கியது. அடித்தளத்தை மாற்றலாம் என்று குழி தோண்டினால் நிலத்தடி நீர் நிரம்பிவிடுகிறது. நீரை இறைத்தால் சுவர் சரிந்துவிடும். கடைசியில் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பாளரை இறக்கினார்கள். 1906 முதல் 1911 வரை, கனமான உடையும் தலைக்கவசமுமாக, கலங்கிய தண்ணீரில் கண் தெரியாமல் கையால் தடவித் தடவியே சிமென்ட் மூட்டைகளை அடுக்கினார். மொத்தம் 25,000 மூட்டைக்கு மேல். அடி அடைபட்ட பிறகுதான் நீரை இறைத்துவிட்டு மற்றவர்கள் செங்கல் வேலை பார்த்தார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக் கட்டடத்தைத் தண்ணீருக்குள் நின்று ஒரு மனிதர் தாங்கியிருக்கிறார். அவருக்கு அங்கே ஒரு சிறிய சிலை உண்டு.

இன்னொரு நாள் சாட்டன் போங்கள். ஆஸ்டின் 1809இலிருந்து கடைசி எட்டு வருடம் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். அவர் எழுதிய மேசை அங்கே இருக்கிறது. பன்னிரண்டு பக்கம் கொண்ட வால்நட் மரப்பலகை, ஒற்றைக் கால். நம் வீட்டில் காப்பித் தம்ளரும் செய்தித்தாளும் வைத்தாலே இடம் போதாது, அவ்வளவு சிறியது. ஆல்டன் நிலையத்திலிருந்து நடக்கலாம், ஆனால் அப்பாவுக்கு முழங்கால் என்றால் பேருந்துதான் சரி.

சுண்ணாகத்தான்

பிள்ளை, மருதநிலம் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எலிஜி படிப்பித்த மனுசனை முதலில் ஸ்டோக் போஜஸுக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேணும். ரெடிங்கிலிருந்து ஸ்லோவுக்கு ரயில், அங்கிருந்து டாக்சி பிடித்தால் பத்து, பதினைந்து நிமிசம். நான் ஸ்லோவில் இருபத்தெட்டு வருசமாக இருக்கிறன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஒருக்கா கூட்டிக்கொண்டு போவன்.

புனித ஜைல்ஸ் தேவாலயம். பெரிய கட்டடம் இல்லை. சுற்றிவரக் கல்லறைகள், கிழட்டு யூ மரம், புல்வெளி. எலிஜியில் வாற கல்லறைத் தோட்டம் இதுதான் என்று சொல்லுவினம். தோமஸ் கிரே அந்தக் கவிதையை 1750இல் முடித்து நண்பருக்கு அனுப்பினவர். அது கைமாறிக் கைமாறி, ஒரு பத்திரிகை கேளாமல் அச்சடிக்கப் போகுது என்று தெரிந்ததும், 1751 பெப்ரவரியில் அவசரமாகப் புத்தகமாக வந்தது. கிரேயின் பெயர் போடாமல்தான் அதுவும்.

முக்கியமான விசயம் இதுதான். கிரேயின் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் பன்னிரண்டு. தப்பினது இவர் ஒருவர் மட்டும். தாய் 1753இல் செத்தபோது செங்கல் சமாதியின் மேல்கல்லில் என்ன வெட்டுவது என்று எழுதிக் கொடுத்தவர் கிரேதான். பல பிள்ளைகளின் அன்பான, கவனமான தாய், அவர்களில் ஒருவருக்கு மட்டுமே அவளுக்குப் பிறகும் உயிர் வாழும் துர்ப்பாக்கியம் வாய்த்தது என்று அதில் இருக்கு. அந்த ஒருவர் தான் என்று அவர் சொல்லவில்லை. பெயரையும் போடவில்லை. 1771இல் அவரையும் அதே சமாதிக்குள்தான் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கிறார் என்று சொல்லும் பலகை எதிரே, தேவாலயச் சுவரில் இருக்கு.

நான் முதல் தடவை அதை வாசித்தது அம்மா யாழ்ப்பாணத்தில் காலமாகி மூன்று மாதத்துக்குப் பிறகு. போக ஏலாமல் போய்விட்டது. அதுக்கு மேல் எழுத வரவில்லை. கூட்டிக்கொண்டு போங்கோ.

பொன்னி_ரெடிங்

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்டிப்பாகப் போகிறோம்.

ஒரு சந்தேகம். இந்த மாதிரி சின்ன தேவாலயங்கள் வார நாளில் திறந்திருக்குமா? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, சும்மா உள்ளே போகலாமா?

மெட்வேகரை

தாராளமாகப் போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பகலில் நிறைய இடங்கள் திறந்தே இருக்கும். ஆளே இருக்காது. கதவில் இரும்பு வளையம் ஒன்று தொங்கும், அதைத் திருகினால் உள்பக்கம் தாழ்ப்பாள் தூக்கும். பலர் தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கையாலும் திருகிப் பாருங்கள். உள்ளே ஈரக்கல் வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து வரும். வாசலருகே உண்டியல், வருகைப் பதிவேடு இருக்கும். இரண்டு வரி தமிழில் எழுதிவிட்டு வாருங்கள், நான் எல்லா இடத்திலும் எழுதுவேன். முழந்தாளிட வைத்திருக்கும் மெத்தைகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள் கையால் தைத்த பூவேலை. ஞாயிறு காலையில் மட்டும் வேண்டாம், ஆராதனை நேரம். கல்யாணம், இழவு நடந்துகொண்டிருந்தாலும் வெளியே நில்லுங்கள்.

பெரிய பேராலயங்களில் சில நுழைவுக் கட்டணம் கேட்கும். ஆனால் மாலைப் பாட்டு ஆராதனைக்குக் கட்டணம் கிடையாது. பாடகர் குழு பாடும்போது அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம்.

கென்ட் பக்கம் வர முடிந்தால் கூலிங் என்ற ஊர். சதுப்பு நிலத்தின் விளிம்பில் ஒரு தேவாலயம், இப்போது வழிபாடு இல்லை, ஓர் அறக்கட்டளை பாதுகாக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் கைக்குழந்தை அளவுக்கு உருண்டையான கல்லறைக் கற்கள் வரிசையாகக் கிடக்கும். மொத்தம் 13. எல்லாம் குழந்தைகள். டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் தொடக்கத்தில் நாயகன் பிப்பின் தம்பிமார் கல்லறை என்று வர்ணித்தது இவற்றை வைத்துத்தான். ஆனால் கதையில் ஐந்து என்று குறைத்துவிட்டார். பதின்மூன்று என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். கார் இல்லாமல் போவது கஷ்டம், அதனால் உங்களுக்கு இந்த முறை வேண்டாம். ரோசெஸ்டர் வரை ரயிலில் வந்தால் அங்கிருந்து நானே காரில் கூட்டிப் போகிறேன், தனிமடல் போடுங்கள்.

வேலன்77

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? லண்டனிலிருந்து ஒரே நாளில் ஆக்ஸ்ஃபோர்டு, காட்ஸ்வோல்ட், ஸ்ட்ராட்ஃபோர்டு மூன்றையும் காட்டும் சொகுசுப் பேருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு அதுதான் வசதி. ஷேக்ஸ்பியர் ஊரைப் பார்க்காமல் ஆங்கில வாத்தியாரைத் திருப்பி அனுப்பலாமா?

மருதநிலம்

வேலன், வசதிதான், ஒப்புக்கொள்கிறேன். என் மாமனார் மாமியாரை அதில்தான் அழைத்துப் போனேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் கொடுத்த நேரம் பிறந்த வீட்டுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போனது. ஹோலி டிரினிட்டி தேவாலயம் ஊரின் மறுகோடியில், ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே போக முடியவில்லை. ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயமும் 1616 ஏப்ரல் 25 அன்று அடக்கம் செய்த தேவாலயமும் அதுதான். என் எலும்பை அசைப்பவனுக்குச் சாபம் என்று வெட்டிய கல் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்தது இன்றுவரை உறுத்துகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு போகட்டும், ஆனால் அதற்கென்று ஒரு முழு நாள் வைக்கட்டும்.

லீட்ஸ்வாசி

ரெடிங்கிலிருந்து ஒரு நாளில் முடியாது, தெரியும். இருந்தாலும் நாவல்கள் எழுதிய பிராண்டே சகோதரிகளின் ஊரான ஹவொர்த்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு நாள் கிடைத்தால் லீட்ஸ் வாருங்கள். அங்கிருந்து கீத்லி வரை சாதாரண ரயில், கீத்லியிலிருந்து ஹவொர்த்துக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பழைய நீராவி ரயில். நிலக்கரிப் புகை வாசனையோடு போய் இறங்கலாம். அதற்கு மேல் செங்குத்தான கல் பாவிய தெரு. அப்பாவுக்கு அங்கே டாக்சிதான்.

அந்தச் சகோதரிகள் வளர்ந்த வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அப்பா பாட்ரிக் அந்தத் தேவாலயத்தின் போதகர். வீட்டு முன்வாசலைத் திறந்தால் எதிரே கல்லறைகள்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் காலத்தில் ஊரின் குடிநீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பாட்ரிக் விடாமல் மனு எழுதி எழுதி 1850இல் சுகாதார ஆய்வாளர் பெஞ்சமின் பாபேஜை வரவழைத்தார். அந்த அறிக்கைப்படி ஊரில் சராசரி இறப்பு வயது 25.8. பிறந்ததில் நூற்றுக்கு 41 பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டவில்லை. பாட்ரிக்கின் ஆறு பிள்ளைகளில் ஒருவர்கூட நாற்பதைத் தொடாமல் போனதை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவர்களுக்கு மட்டும் வந்த விதி இல்லை அது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

சகோதரிகளில் இளையவர் ஆன் மட்டும் இங்கே அடக்கமாகவில்லை. கடற்காற்று பட்டால் தேறுவார் என்று ஸ்கார்பரோவுக்குக் கூட்டிப் போனார்கள், 1849 மே மாதம் அங்கேயே இறந்தார். கல்லறைக் கல்லில் பிழைகள் இருந்ததை மூன்று வருடம் கழித்துப் போன அக்கா சார்லட் பார்த்துத் திருத்தச் சொன்னார். அப்படியும் வயது 28 என்றே நின்றுவிட்டது. இறந்தபோது 29. கடல் உப்பு அந்தக் கல்லை அரித்துக்கொண்டே இருக்கிறது. சரியான வயதோடு ஒரு பலகையைப் பிற்காலத்தில் அதன் முன்னால் பதித்திருக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி

எல்லோரும் ஒரு இடத்தை விட்டுவிட்டீர்கள். ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அரை மணி நேரம்கூட ஆகாது. கல்லூரிகளையெல்லாம் பார்த்த பிறகு, வால்டன் தெருவிலிருந்து உள்ளே போகும் ஒடுங்கிய வழியில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகை என்று நம் மண்ணில் வாழ்ந்துவிட்டு, திரும்பி வந்து ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் நடத்தியவர். குறள் மொழிபெயர்ப்பு 1886, திருவாசகம் 1900.

பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். திருவாசகத்தை முடிக்கும் வரை நான் உயிரோடு இருப்பேனா என்று போப் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி என்று தைரியம் சொன்னவர் அவர். இதைப் போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜோவெட் 1893இல் போய்விட்டார். போப் தன் எண்பதாவது பிறந்தநாளில் முன்னுரைக்குக் கையெழுத்துப் போட்டார். இருவரும் இப்போது ஒரே தோட்டத்தில்.

வேலன்77

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னாரே, அந்தக் கல்தானே? பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

ஏட்டுச்சுவடி

நானும் அதைத் தேடித்தான் போனேன். கல்லில் அது இல்லை. முழுவதும் ஆங்கிலம். தென்னிந்தியாவின் ஜி.யு. போப், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவர் என்று இருக்கிறது. பிறகு, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அவருடைய வாழ்நாள் உழைப்பின் மேல் கொண்ட அன்பால் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று வருகிறது. எனக்கு அந்தக் கதையைவிட இதுதான் பெரிதாகப் பட்டது. 1908இல் இறந்தவருக்குக் கல் வைக்க நம் ஊர் ஆட்கள் கடல் தாண்டிக் காசு அனுப்பியிருக்கிறார்கள். கற்பனை வரி ஒன்றைச் சொல்லிச் சொல்லி, உண்மையாகவே வெட்டியிருக்கும் அந்த வரியை நாம் மறந்துவிட்டோம்.

பொன்னி_ரெடிங்

எல்லோருக்கும் நன்றி. அப்பா வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு இடம் போய்வந்தோம், அதை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்டோக் போஜஸ். டாக்சி வேண்டாம், பேருந்தில் போகலாம் என்று அப்பா அடம்பிடித்தார். ஸ்லோவில் ஒரு பேருந்து வரவே இல்லை, அடுத்ததற்கு ஐம்பது நிமிடம் நின்றோம். முன்னாலேயே டாக்சி எடுத்திருக்கலாம். அடுத்து போகிறவர்கள் அண்ணா சொன்னபடி செய்யுங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ரயில் சலுகை அட்டை எடுத்தது உபயோகமாக இருந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, வார நாளில் ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அப்பா எலிஜியை முதல் அடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வகுப்பில் சொல்கிற குரல் இல்லை, வாய்க்குள்ளேயே. தலைக்கு மேல் ஹீத்ரோ விமானங்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று போகும்போது நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தச் சமாதிக் கல்லில் எழுத்து மங்கியிருக்கிறது. குனிந்து விரலால் தடவித் தடவிப் படித்தார். அந்த 'துர்ப்பாக்கியம்' என்ற வார்த்தை வந்ததும் நிறுத்தினார். நான் ஏதோ கேட்கப் போனேன். "இரும்மா" என்றார், அவ்வளவுதான். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கும் உடன்பிறந்தவர்கள் ஏழு பேர், இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். எனக்கு அது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. உள்ளே போய்ப் பதிவேட்டில் இருவர் பெயரையும் தமிழில் எழுதினோம். இரண்டு பக்கம் முன்னால் இன்னொரு தமிழ்க் கையெழுத்து இருந்தது. சுண்ணாகத்தான் அண்ணா, அது நீங்கள்தானா?

போன செவ்வாய் ஆக்ஸ்ஃபோர்டு. செயின்ட் செபல்கரில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது, பூக்களுக்காகவே வெட்டாமல் விடுகிறார்களாம். தேடக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கல்லுக்குப் பக்கத்தில் போனார். "தஞ்சாவூரில் இவர் நடந்த தெருவில் நானும் நடந்திருப்பேன்" என்றார். கல்லில் இருப்பதைச் சத்தமாகப் படித்து, கடைசி வாக்கியத்தை மட்டும் எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டினார். பிறகு 'வேற்றாகி விண்ணாகி' என்ற தேவாரத்தைப் பாடினார். மேல் ஸ்தாயி வரவில்லை. பாதியில் மூச்சு வாங்கி, மீதியைச் சொன்னார். நாயோடு வந்த ஒரு அம்மா முடியும்வரை தள்ளி நின்று, தலையசைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வின்செஸ்டர் போகிறோம். அந்த முக்குளிப்பாளரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

சுண்ணாகத்தான்

நான்தான் பிள்ளை. மார்ச் மாதம், அம்மாவின் திதி அன்று எழுதினது. அப்பா திரும்பிப் போக முதல் ஒரு நாள் ஸ்லோவுக்கு இருவரும் சாப்பிட வாங்கோ. பிறகு அங்கே மூன்று பேருமாக இன்னொருக்கா போவம், கார் இருக்கு.